கல்லறையில் எடுத்த முகம்

மோந்த்ரெய், பாரிஸ்
1987 ஜூன் 9

அன்புள்ள மிலேவா,

நம் சித்திரக்கதையின் மூன்றாம் அத்தியாயப் பக்கங்கள் நேற்று வந்து சேர்ந்தன. நம் நாயகி ரூஜா கல்லறையிலிருந்து எழுந்து வரும் பக்கத்தில் வானம் முழுவதையும் கருப்பு மையால் நிரப்பி, அவளுடைய தோளுக்கு மட்டும் காகிதத்தின் வெள்ளையை அப்படியே விட்டிருக்கிறீர்கள். பதிப்பாசிரியர் அந்தப் பக்கத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் நின்றபடியே பார்த்தார். "இத வரைஞ்ச அம்மா எத்தனை பேரப் புதைச்சிருக்காங்க?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பக்கம். உறிஞ்சிய ரத்தத்தில் பாதியை விழுங்காமல் வாயில் அடக்கிக்கொண்டு வந்து, இறந்துபோன கணவனின் உதட்டில் ரூஜா ஊட்டுகிறாளே, அது. நான் எழுதியபோது அது வெறும் பயங்கரமாகத்தான் இருந்தது. நீங்கள் வரைந்த முகத்தில் ஏக்கம் வந்துவிட்டது. பெரியவர்கள் படிக்கும் வாம்பயர் கதைக்கு இது போதும். பல்லைக் காட்டிப் பயமுறுத்துவதைச் சிறுவர்களுக்கு விட்டுவிடலாம்.

ஒரு தொல்லை. பொட்டலம் பிரிக்கப்பட்டு, சுங்கத்துறை ஒட்டும் நாடாவோடு வந்தது. இரண்டு பக்கங்களின் ஓரம் மடங்கியிருக்கிறது. அதைவிட மோசம் டிரைவர் போகோசாவ். நான்கு வருடமாக நம் பொட்டலங்களைப் பஸ்ஸில் கொண்டுவருபவர், என் அப்பாவின் ஊர்க்காரர், எப்போதும் ஒரு சிகரெட் பிடித்து ஊர்க்கதை பேசாமல் போகமாட்டார். நேற்று பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு, "இனிமே இந்த மாதிரி சமாச்சாரத்த என் பஸ்ல ஏத்தாதீங்க" என்று சொல்லித் திரும்பிக்கொண்டார். அவருக்கு இவ்வளவு கூச்சம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பெல்கிரேட் நிலையத்தில் அவரைப் பார்த்துக் கொஞ்சம் சமாதானம் செய்யுங்கள். நான்காம் அத்தியாயத்தைத் தபாலில் அனுப்பச் சொல்லப் பயமாக இருக்கிறது.

உங்கள்
தாமியன்


செமூன், பெல்கிரேட்
1987 ஜூன் 20

தாமியன்,

நேற்று பஸ் நிலையத்துக்குப் போனேன். நீங்கள் நினைப்பதுபோல் அது கூச்சம் இல்லை.

நடந்ததை இன்னொரு டிரைவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இத்தாலி எல்லையில் நம் நாட்டுச் சுங்க அதிகாரி பொட்டலத்தைப் பிரித்திருக்கிறார். நான் பென்சிலில் எழுதும் செர்பிய வசனங்கள் பேச்சுக்குமிழ்களுக்குள் இருந்தன. அங்கே பிரெஞ்சு எழுத்துப் போடுகிறவர் எப்படியும் அழித்துவிடுவார் என்று விட்டிருந்தேன். வரிசை நகரவில்லை, அதிகாரிக்குப் பொழுது போகவில்லை. பஸ் படியில் நின்று எல்லாவற்றையும் குரல் மாற்றிப் படித்துக் காட்டினாராம். பக்கங்கள் கைமாறிக் கைமாறிப் பின்சீட்டு வரை போய்விட்டு வந்திருக்கின்றன. ஓரம் மடங்கியது அப்படித்தான். "அதுக்கப்புறம் பாரிஸ் போற வரைக்கும் போகோசாவ் கழுத்தப் பத்தி ஆளாளுக்குக் கவலை. ஒருத்தன் ஜூன் வெயில்ல பையிலேருந்து மப்ளரையே எடுத்துக் குடுத்துட்டான்" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் சிரித்தார். போகோசாவின் கழுத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்டதற்கு, அவரையே கேளுங்கள் என்று கையைக் காட்டினார்.

பிறகு போகோசாவிடமே போனேன். அவர் பேச விரும்பவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

"அந்த மூஞ்சி உங்களுக்கு எங்கேருந்து கிடைச்சுது?"

"ஒரு பழைய படம். அவங்க எப்பவோ செத்துப்போயிட்டாங்க."

"செத்துப்போயிட்டாளா? யாரும்மா சொன்னது?"

நான் பதில் சொல்வதற்குள் பஸ்ஸில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டார்.

தாமியன், அந்தப் படத்தை நீங்கள்தான் எனக்கு அனுப்பினீர்கள். ரூஜாவுக்கு இந்த முகம்தான் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். முகத்தை மட்டும் நெருக்கமாக எடுத்திருந்தீர்கள். சுற்றி என்ன இருந்தது என்று தெரியவில்லை. அது யார்?

மிலேவா


மோந்த்ரெய்
1987 ஜூலை 2

அன்புள்ள மிலேவா,

உங்கள் கடிதத்தில் போலீஸ் விசாரணையின் வாடை அடிக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்டில் என் அப்பாவின் ஊரான ஓரெஷ்காவுக்குப் போயிருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் ஒரு கருப்புக் கல்லில் பதித்திருந்த பீங்கான் புகைப்படம் அது. முப்பது வயது இருக்கும். எதிரே நிற்பவனைத் தாண்டி எங்கோ பார்க்கும் கண்கள். கல்லின் கீழே புதுப் பூக்கள், ஒரு மெழுகுவர்த்தி. கல்லறையில் படம் இருப்பவர் இறந்தவர் என்று நான் நினைத்ததில் என்ன தவறு? யாரென்று கேட்கவில்லை. கேட்டால் எனக்கு வேறு ஒரு கதை கிடைத்திருக்கும். எனக்கு வேண்டியது என் கதை.

போகோசாவுக்கு அந்தப் பெண்ணின் குடும்பத்தைத் தெரிந்திருக்கலாம். அதே சாடையில் ஒரு தங்கை இருக்கலாம். அதற்காக நாம் நிறுத்த முடியாது. அக்டோபரில் புத்தகம் வரும் என்று அறிவித்துவிட்டார்கள். வாம்பயர் என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்த நாட்டில் இருந்துகொண்டு, ஒரு டிரைவர் முறைத்ததற்கு நீங்கள் பயப்படுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

நான்காம் அத்தியாயத்தின் எழுத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசியில் கணவன் கண் திறக்கிறான்.

தாமியன்


செமூன்
1987 ஜூலை 15

தாமியன்,

அவர் பெயர் பவுனா. நாற்பத்தெட்டு வயது. ஓரெஷ்கா கூட்டுறவுச் சங்கத்தின் பால் நிலையத்தில் கொழுப்பு அளந்து பார்க்கும் வேலை. தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறார், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார். பஸ் நிலையத்தில் என் முகவரியை விசாரித்துக்கொண்டு, சனிக்கிழமை காலை என் வீட்டு மணியை அடித்தார். சண்டைக்கு வந்தவர்கூட வெறும் கையோடு வரவில்லை: காபித்தூள், சர்க்கரை, ஒரு பாட்டில் செர்ரிப் பாகு.

"நீதானா படம் போடறவ? உள்ள வரலாமா?"

கண்ணாடியை மாட்டி நிமிர்ந்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வருடமாக நாள் தவறாமல் நான் வரைந்துகொண்டிருந்த கன்னம் அது.

முழுக்கல்லையும் படம் எடுத்து அனுப்பியிருந்தால் நான் ஒரே பார்வையில் சொல்லியிருப்பேன். கணவர் பெயருக்குக் கீழே பிறந்த வருடம், இறந்த வருடம் இரண்டும் இருக்கும். பவுனாவின் பெயருக்குக் கீழே பிறந்த வருடமும் ஒரு சிறு கோடும் மட்டும். கோட்டுக்கு அப்புறம் கல் வெறுமையாக இருக்கும். நம் ஊர்களில் பாதிக் கல்லறைகளில் இப்படித்தான் இருக்கிறது. தம்பதியில் ஒருவர் போனால், உயிரோடு இருக்கும் மற்றவர் படத்தையும் சேர்த்தே வைத்துவிடுகிறார்கள். உங்கள் அப்பா உங்களுக்கு இதைச் சொல்லவில்லையா?

"புருஷன் டிராக்டர் கவுந்து போனாரு. எனக்கு அப்ப முப்பத்தொண்ணு" என்றார் பவுனா. "மாமியார் கேக்கவே இல்ல. கல்லு வந்து இறங்கினப்ப பார்த்தா நானும் இருக்கேன். பதினேழு வருஷமா பண்டிகைக்குப் பண்டிகை அந்தக் கல்லத் துடைக்கிறேன். என் மூஞ்சியையும் நானேதான் துடைச்சுக்கறேன்."

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். திறந்த தோள்களைப் பற்றித்தான் கோபம் என்று நினைத்து, என்னிடம் இருந்த பென்சில் முன்வரைவைக் காட்டி, உடம்பு வேறொரு மாடலைப் பார்த்து வரைந்தது என்றேன். அவர் சிரித்தார்.

"தோளா? இந்த மாதிரி தோளு எனக்கு எப்ப இருந்துச்சு? அத நல்லாத்தான் போட்டிருக்க. அதுக்காக நான் பஸ் ஏறி வரல."

"அப்புறம்?"

"அவனுக்கு ஊட்டறாளே. அதான்."

எனக்குப் புரியவில்லை. அவர் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னதை அவருடைய சொற்களிலேயே தருகிறேன்.

"எட்டு வருஷம் அவரோட வாழ்ந்தேன். கெட்ட மனுஷன் இல்ல. ஆனா உயிரோட இருந்தப்பவே சாப்பாட்ட மேஜைல வெச்சுட்டு நான் பாட்டுக்குத் தோட்டத்துக்குப் போயிடுவேன். செத்தப்புறம் வாயில வெச்சுட்டு வந்து ஊட்டுவேனா? இப்ப ஊரே சொல்லுது, பவுனா பாத்தியா, இன்னும் அவனையே நினைச்சுட்டிருக்கான்னு."

போகோசாவும் இவரும் இந்த வசந்தத்தில் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். அவருக்கு மனைவி இறந்து ஆறு வருடம். இலையுதிர்காலத்தில் கல்யாணம். பஸ்ஸில் இருந்தவர்கள் பாதிப்பேர் ஓரெஷ்காவையும் பக்கத்து ஊர்களையும் சேர்ந்தவர்கள்; பக்கங்களைப் பார்த்ததும் முகத்தை அடையாளம் கண்டுகொண்டார்கள். கழுத்தைப் பற்றிய கவலையெல்லாம் அதனால்தான். "உன்னக் குடிச்சுட்டு அவனுக்குத்தான்டா கொண்டுபோய் ஊட்டுவா" என்று யாரோ சொன்னதிலிருந்து போகோசாவ் பவுனாவின் வீட்டுக்கு வரவில்லை. "எப்பவும் என் வாசல் வந்தா ஹாரன் அடிப்பாரு. இப்ப அதுவும் இல்ல" என்றார்.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். எழுதியவர் வந்து போகோசாவிடம் சொல்ல வேண்டும், இது நானாக எழுதியது, இவருடைய மனசில் இருந்ததல்ல என்று.

நீங்கள் யார் மகன் என்று சொன்னேன்.

"கேமராவ மாட்டிக்கிட்டு ஆகஸ்ட்ல கல்லறைத் தோட்டத்தச் சுத்தி வந்தானே, அவனா? நான் அங்கதான் வாளியோட நின்னுட்டிருந்தேன். காபி குடிச்சுட்டுப் போப்பான்னு கூப்பிட்டேன். வேலை இருக்குன்னான்."

மிலேவா


மோந்த்ரெய்
1987 ஜூலை 30

மிலேவா,

மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

வாளியோடு ஒரு பெண் நின்றது நினைவிருக்கிறது. தலையில் துணி கட்டியிருந்தார். அவர் கூப்பிட்டதும் நினைவிருக்கிறது. வெளிச்சம் போய்விடுமே என்று அவசரமாக இருந்தேன். அவர் துடைத்து வைத்த படத்தைத்தான் எடுத்திருக்கிறேன் என்று இப்போது புரிகிறது.

ஆனால் அவர் கேட்பது நடக்கிற காரியமா? யோசித்துப் பாருங்கள். நாற்பது வயது ஆண், பிரான்சிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு போய், ஒரு பஸ் டிரைவரின் வாசலில் நின்று, "ஐயா, வாம்பயர் கதை உண்மை இல்லை" என்று சொல்ல வேண்டுமா? ஊரில் ஏற்கெனவே என்னைப் பாதிப் பைத்தியம் என்கிறார்கள். விசாரித்துப் பார்த்ததில், கல்லை வைத்த மாமியார் எனக்குத் தூரத்து அத்தை முறை. அந்தக் குடும்பம் பவுனாவின் கல்யாணப் பேச்சையே விரும்பாது. நான் போய் நின்றால் யாருடைய கட்சி என்று கேட்பார்கள்.

வேறு வழி சொல்கிறேன். முகத்தை மாற்றிவிடுவோம். மூக்கைக் கொஞ்சம் நீட்டலாம், முடியை வெளிர் நிறமாக்கலாம். அச்சுக்குப் போகும்போது யாருக்கும் தெரியாது. அதே முகம் உள்ள புத்தக அட்டையை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டேன். அதுவே எனக்கு எவ்வளவு பெரிய சண்டை என்று உங்களுக்குத் தெரியாது.

தாமியன்


செமூன்
1987 ஆகஸ்ட் 6

தாமியன்,

மூக்கை மாற்றலாம். பஸ்ஸில் பார்த்தவர்களின் கண்ணை மாற்ற முடியாது.

எப்படியும் ஆகஸ்டில் ஓரெஷ்காவுக்குப் போகத்தானே போகிறீர்கள்? போகிறவர் ஒரு வாசலில் கூடுதலாக நில்லுங்கள். நான்காம் அத்தியாயம் என் மேஜையில் வெள்ளைக் காகிதமாக இருக்கிறது. நீங்கள் போய்ப் பேசும்வரை அப்படியேதான் இருக்கும். பதிப்பாசிரியர் கேட்டால் ஓவியருக்குக் கை வலி என்று சொல்லிக்கொள்ளுங்கள். கதை கட்டுவது உங்களுக்குப் பழக்கம்தானே.

மிலேவா


ஓரெஷ்கா
1987 ஆகஸ்ட் 19

அன்புள்ள மிலேவா,

போனேன். பேசினேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போகோசாவ் வீட்டு வாசலில் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை நிறுத்தவில்லை. நான் ஷூ நனைய நின்றேன்.

"வாய்யா பாரிஸ்காரா. இன்னும் யாரையாவது புதைக்கணுமா?"

"போகோசாவ் அண்ணே, அது வெறும் கதை. என் தலையிலேருந்து வந்தது. பவுனா அக்காவுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"கதைன்னு எனக்குத் தெரியாதா? பல்லு மொளச்ச பொம்பள ரத்தம் குடிக்கறான்னா நம்பறதுக்கு நான் என்ன கொழந்தையா?"

"அப்புறம் என்ன கோவம்?"

அவர் குழாயைக் கீழே போட்டார்.

"சிரிச்சானுங்கய்யா. பஸ் பூரா சிரிச்சானுங்க. சிரிச்சாப் போகட்டும். ஆனா எனக்கே தோணிடுச்சு. அந்தக் கல்லுல அவங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருக்காங்க. அவ எடம் முடிவாயிடுச்சு. அப்ப நான் யாரு? நடுவுல வந்து பத்து வருஷம் தங்கிட்டுப் போறவனா?"

அன்று காலை கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். இந்தமுறை கேமரா இல்லாமல், எழுத்துகளையும் படித்தேன். அதனால் கேட்டேன்:

"அண்ணே, உங்க வீட்டம்மா கல்லுல இருக்கற ஆம்பள படம் யாருது?"

அவர் என்னையே பார்த்தார். பட்டாளத்துத் தொப்பியோடு இருக்கும் அந்தப் படம் அவருடையதுதான். பெயருக்குக் கீழே பிறந்த வருடமும் ஒரு கோடும் மட்டும்.

"அட எழவே" என்றார். பிறகு பஸ்ஸின் படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். "பவுனா ஒரு நாள் கூட அதப் பத்தி என்கிட்ட கேட்டதில்ல."

பிளம் சாராயம் கொண்டுவந்தார். இரண்டு கோப்பை ஆனது. வரும் ஞாயிற்றுக்கிழமை பவுனாவின் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். கிளம்பும்போது, "உன் பொட்டலத்த இனிமே கொண்டுவரேன், ஆனா நல்லா கட்டி அனுப்பச் சொல்லு" என்றார். வழியில் அத்தை வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று நடந்தேன். இத்தனை வருடத்தில் இந்த ஊரில் நான் செய்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

இனி நீங்கள் பேனாவை எடுக்கலாம். நேரம் குறைவு.

அன்புடன்
தாமியன்


செமூன்
1987 செப்டம்பர் 5

அன்புள்ள தாமியன்,

நீங்கள் போனதற்கு நன்றி. அது சுலபமாக இருந்திருக்காது என்று எனக்குத் தெரியும்.

பவுனா பத்து நாளைக்கு முன் வந்தார். போகோசாவ் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறார். இஸ்திரி போட்ட சட்டை, ஒரு பெட்டி சாக்லேட்டு. பவுனா முடியாது என்று சொல்லிவிட்டார்.

"ஏன்?" என்று கேட்டேன். எனக்கு உங்கள்மேல்கூடப் பரிதாபமாக இருந்தது.

"வந்து உக்காந்தாரு. 'தாமியன் வந்து எல்லாம் சொன்னான். கற்பனைன்னு சொல்லிட்டான். சரி, நான் ஒத்துக்கறேன்'னாரு. ஒத்துக்கறாராம்! ரெண்டு மாசமா என் வாசல் வழியா போயிட்டு வந்துட்டிருந்தாரே. ஒரு நாள் பஸ்ஸ நிறுத்திட்டு, 'பவுனா, உன் மனசுல அவன்தான் இருக்கானா?'ன்னு கேட்டிருந்தா என்ன? இல்லன்னு சொல்லியிருப்பேன். அஞ்சு நிமிஷம் ஆகாது. படத்தப் பாத்து முடிவு பண்ணாரு, பஸ்ல சிரிச்சவன் சொன்னதக் கேட்டு முடிவு பண்ணாரு, இப்ப உன் எழுத்தாளன் சொன்னதக் கேட்டு முடிவ மாத்தறாரு. என்னைத் தவிர எல்லாரையும் கேட்டாச்சு. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நீங்கதானே தாமியன வந்து சொல்லச் சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். அவரு வந்து எதிர்ல உக்காந்து 'ஒத்துக்கறேன்'னு சொல்ற வரைக்கும் அதுதான் வேணும்னு நினைச்சேன்."

காபி போட்டுக் கொடுத்துத்தான் அனுப்பினாராம். என்னிடம் பேசும்போது அழவில்லை. கண்ணாடிக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "ஞாயித்துக்கிழமைதான் கொஞ்சம் நீளமா இருக்கும்" என்றார். கல்லை வெட்டுகிறவரிடமும் பேசிவிட்டார். அடுத்த வாரம் பவுனாவின் படத்தையும் பெயரையும் கல்லிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். உங்கள் அத்தை இதற்குள் உங்களுக்கு எழுதியிருப்பார்.

அவர் கிளம்ப எழுந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நாம் இருவரும் இத்தனை கடிதம் எழுதியிருக்கிறோம். முகத்தை வைத்துக்கொள்வதா, மூக்கை நீட்டுவதா, முடியை வெளிர் நிறமாக்குவதா என்று. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்றாம் அத்தியாயத்தின் பென்சில் முன்வரைவுகளை அவர் முன்னால் விரித்து வைத்துக் கேட்டேன்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், அவசரப்படாமல், பால் பார்க்கிறவர் பார்ப்பதுபோல. ஊட்டும் பக்கம் வந்ததும் நிறுத்தினார்.

"மூஞ்சி இருக்கட்டும். நல்ல மூஞ்சிதான், எனக்கே மறந்துபோச்சு. ஆனா இவ யாருக்கும் எதையும் சொமந்துட்டுப் போக வேண்டாம். குடிக்கறத அவளே குடிக்கட்டும்."

நான்காம் அத்தியாயம் இத்துடன் வருகிறது, பதிவுத் தபாலில். நீங்கள் எழுதி அனுப்பியபடி வரையவில்லை. கணவன் கண் திறக்கவில்லை. மூன்றாம் அத்தியாயத்தின் ஊட்டும் பக்கத்தைத் திருப்பி அனுப்புங்கள், அதையும் மாற்ற வேண்டும். கடைசிப் பக்கம் முழுவதும் ஒரே கட்டம்: ரூஜா தலையை நிமிர்த்தி நிற்கிறாள், தொண்டையில் ஒரு மிடறு இறங்குகிறது. பல நாள் முயன்றுதான் அந்தக் கழுத்து சரியாக வந்தது. அங்கே வசனம் எதுவும் எழுதாதீர்கள்.

மிலேவா